இறக்கை ஒட்டிய விண்கலம்

மாதாப்பூரில் எங்கள் அனிமேஷன் கம்பெனிக்கு ஆலோசகராக வந்த அந்தப் பெண்மணி, பாலாநகரில் காற்றைப் பாய்ச்சும் சுரங்கத்தில் (விண்ட் டனல்) விமான மாதிரிகளை வைத்துச் சோதித்தவர். எதைக் கையில் எடுத்தாலும், டீ கப்பைக்கூட, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

நான் வரைந்த விண்கலத்தைப் பார்த்தார்.

"இறக்கை நக்கோ சார், வேண்டாம். இது எந்த கிரகத்துலயும் இறங்காதுன்னு கதையிலயே இருக்கு. காத்தே இல்லாத இடத்துல இறக்கை எதுக்கு?"

எடுத்துவிட்டேன். டைரக்டர், "டப்பா மாதிரி இருக்கே" என்றார். அன்று மாலையே இறக்கைகளை ஒட்டினேன், முன்பைவிடப் பெரிதாக.

படம் வெளிவருவதற்கு முன் அந்தப் பெண்மணி போன் செய்தார்.

"அறிவியல் ஆலோசனைன்னு என் பேரைப் போடாதீங்க சார். கூட வேலை பார்த்தவங்க சிரிப்பாங்க."

இனி மாற்ற நேரமில்லை என்றேன். இறக்கை ஒட்ட மட்டும் எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது.