முப்பத்தெட்டுப் பக்கத்தை யார் படிப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வக்கீல் சங்கத்தில் பயிற்சி வகுப்பு. 'மாறும் தொழில்நுட்பமும் இளம் வழக்கறிஞர்களும்' என்று பேனர். ஏற்பாடு செய்த மூன்று பேரில் நானும் ஒருவன். முப்பது வருஷமாகக் கோவில்பட்டி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போடுகிறேன். இன்றைக்கும் ஒரு பி.டி.எஃப்.பை மெயிலில் அனுப்ப என் ஜூனியர் ஜோதிதான் வரவேண்டும். இந்த லட்சணத்தில் வரவேற்புரை நான்!

சென்னையிலிருந்து வந்த பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஏ.ஐ. வந்துவிட்டது, மனு எழுதிவிடும், தீர்ப்பைத் தேடித் தந்துவிடும், நோட்டீஸ் எழுதுவதற்கெல்லாம் கட்சிக்காரர் இனி வக்கீலைத் தேடி வரமாட்டார்... மாறுங்கள், மாறுங்கள். சரி, எப்படி மாறுவது? அதைச் சொல்வதற்குள் அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு சால்வை, இரண்டு பாக்கெட் கடம்பூர் போளி... அனுப்பி வைத்தோம்.

அவர் படியிறங்கவும் சுப்பையா படியேறவும் சரியாக இருந்தது.

சுப்பையாவுக்கு நாகலாபுரம் பக்கம். ஆறு ஏக்கர் மானாவாரி, எழுபது எண்பது ஆடு. ஒரு சோலார் கம்பெனி அவர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறது. திங்கட்கிழமை பதிவு. ஏஜென்ட்டின் ஆபீஸ் இங்கே கோவில்பட்டியில். அங்கே ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு, வக்கீல்கள் கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டு நேரே வந்துவிட்டார். முப்பத்தெட்டுப் பக்கம். முழுக்க இங்கிலீஷ்.

"எல்லாம் சொல்ல வேண்டாம் சார். பேனலுக்கு ஊடால என் ஆடு மேயலாமா, கூடாதா? கம்பெனிக்காரவிய மேயலாம்னு சொல்லுதாவ. தாள்ல அப்படி இருக்கா?"

இளவட்டங்களுக்கு ஒரே உற்சாகம். இப்போதுதானே வகுப்பு முடிந்திருக்கிறது? மூன்று பேர் பக்கங்களைப் படம் பிடித்து ஆளுக்கொரு ஃபோனில் ஏ.ஐ.யிடம் கேட்டார்கள்.

முதல் ஃபோன், மேயலாம் என்றது. இரண்டாவது, கூடாது என்றது. மூன்றாவது, ஒப்பந்தத்தை அழகான தமிழில் சுருக்கிச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி போட்டது — 'தகுதியுள்ள வழக்கறிஞர் ஒருவரை அணுகவும்.'

அந்த அறையில் நாற்பது வழக்கறிஞர்கள் இருந்தோம்.

சுப்பையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் சீனியர் இல்லையா? சீனியர் சொல்வதைச் சொன்னேன்: வைத்துவிட்டுப் போங்கள், செவ்வாய்க்கிழமை பார்க்கலாம். பதிவு திங்கட்கிழமை என்று அவர் மெதுவாக எனக்கு நினைவூட்டினார்.

அப்போதுதான் ஜோதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். அவளும் ஃபோனில் கேட்டாள். ஆனால் அது சொன்ன ஒவ்வொன்றையும் தாளில் தேடிப் பிடித்து, பென்சிலால் கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். இரண்டரை மணி நேரம் ஆனது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும்தான்.

திரும்பி வந்தபோது விஷயம் தெளிவாகியிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், நிலத்தின் வழக்கமான உபயோகம் தொடரலாம் என்று இருக்கிறது. முப்பத்து மூன்றாம் பக்கத்து இணைப்பில், வேலிக்குள் கால்நடை கூடாது என்று இருக்கிறது. முதல் ஃபோன்காரர் இருபது பக்கத்தோடு படம் எடுப்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். இதைவிடப் பெரியது ஒன்று. கண்மாய்க்குப் போகும் வண்டிப்பாதையையும் சேர்த்து வேலி போட்டுக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை. ஆடு தண்ணீருக்குப் போகிற பாதை அது ஒன்றுதான். இதை எந்த ஃபோனும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே!

சுப்பையா பாதை வருகிற பக்கத்தை மட்டும் அடையாளத்துக்கு மடித்துத் தரும்படி கேட்டார்.

அவர் போனதும் ஜோதியிடம், இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். ஒரு வருஷமாக பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஒப்பந்தங்கள் படித்துக் கொடுக்கிறாளாம். முதலில் மெஷின் படிக்கும். மெஷின் விட்டதை இவள் கண்டுபிடிக்க வேண்டும். பத்திரத்துக்கு இவ்வளவு என்று கூலி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் ஜூனியராக இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் இன்னொரு வேலையா? கேட்டேவிட்டேன்.

"நீங்க வாய்தா வாங்கத்தான சார் அனுப்புதீங்க. ஒரு ஒப்பந்தத்தக் கையில குடுத்து, படிச்சுச் சொல்லும்மான்னு இதுவரைக்கும் கேட்டதில்லயே."

வாஸ்தவம்தான். மூன்று வருஷம். கேஸ் கட்டுத் தூக்கினாள், வாய்தா வாங்கினாள், எனக்கு மெயில் அனுப்பினாள். அதற்கு முன் சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்தியிருக்கிறார்கள், பரீட்சையும் வைத்திருக்கிறார்கள். ஓர் ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டவில்லை. ஒருவரும் சொல்லித் தராததை, பீஸ் ரேட்டுக்கு வேலை வாங்கும் ஒரு கம்பெனி சொல்லித் தந்திருக்கிறது. நாங்கள்? பேனர் கட்டி, 'மெஷின் வருது, ஜாக்கிரதை' என்று பயமுறுத்துகிறோம். என்ன பிழைப்பு இது!

திங்கட்கிழமை சுப்பையா கையெழுத்துப் போடவில்லை. ஏஜென்ட் எனக்கு ஃபோன் செய்து எகிறினார் — சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் போட்டாயிற்று, இவருக்கு மட்டும் என்ன என்று. ஃபோனை ஜோதியிடம் கொடுத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. பக்க எண்களை மட்டும் சொன்னாள். ஒரு வாரம் இழுத்தது. பாதையை வேலிக்கு வெளியே விட கம்பெனி சம்மதித்தது, வரைபடத்தோடு எழுத்தில். மேய்ச்சலுக்கு மட்டும் கடைசிவரை மசியவில்லை.

"அப்ப நாலு ஏக்கரோட நிறுத்திக்கிடுதேன். பாதையோரத்து ரெண்டு ஏக்கர் ஆட்டுக்கு" என்றார் சுப்பையா. கொஞ்சம் ஆட்டைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து போட்ட கையெழுத்து.

இப்போது புதனும் வெள்ளியும் ஜோதி கோர்ட்டுக்கு வருவதில்லை. என் ஆபீஸிலேயே உட்கார்ந்து, கட்சிக்காரர்கள் கொண்டுவரும் பத்திரம் படிக்கிறாள். அந்த இரண்டு நாளும் வாய்தா வாங்கப் படியேறுவது நான்தான்.

போன வாரம் நாகலாபுரம் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். வாசலை ஒட்டி நான்தான் உட்கார்ந்திருந்தேன். "வாசிக்கிற வக்கீலம்மா இருக்காவளா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

வெளியே பலகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது — அதைத்தான் யாரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.