பத்தொன்பதாவது பெட்டி

வியாழக்கிழமை காலை ஒரே கணக்கை இரண்டு தடவை ஓட்டினோம். இரண்டு வேறு விடைகள் வந்தன. மண்சரிவைக் கவனிக்கும் அதிகாரிகள் திங்கட்கிழமை வந்து பார்ப்பதாக இருந்தது.

அப்போது நான் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். பாவித்துக் கழித்த இருபத்துநான்கு கணினிகளை ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் இணைத்து, ஒரு கணக்கை எல்லாமாகப் பங்கு போட்டுச் செய்யும் சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அதுதான் முதலாவது. எவ்வளவு மழை இறங்கினால் எந்தச் சரிவு நகரும் என்று அது கணிக்க வேண்டும். நான் ஹேவாஹெட்ட மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவள். அடைமழை நாட்களில் சரிவுக்குப் பயந்து பாடசாலைக் கட்டடத்தில் குடும்பத்தோடு படுத்திருக்கிறேன். இந்த மெஷினை ஓடவைத்தே தீருவது என்று இருந்தேன்.

புரோகிராம் எழுதியவர் கலாநிதி சிவபாலன், யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ர புரோகிராமிலதான் எங்கயோ பிழை இருக்கு, ரீட்டா. நீங்கள் மெஷின் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணினனீங்கள்தானே?"

"பண்ணினேன் சார்."

சொன்னது பொய். கடைசியாக வந்த ஆறு கணினிப் பெட்டிகளுக்கு மெமரி டெஸ்ட் ஓட்டவே இல்லை. ஒன்றுக்கு அரை நாள் பிடிக்கும். ஆய்வுகூடப் பணிப்பாளர் அவசரப்படுத்தினார். நன்றாகத்தான் இருக்கும் என்று சோதனைப் பட்டியலில் 'சரி' போட்டுவிட்டேன்.

அவர் புரோகிராமை அச்செடுத்து, பேனையோடு வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார். மதியம் என்னால் சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடியவில்லை. எழுந்து அவரிடம் போனேன்.

"சார், புரோகிராம பாக்காதீங்க. கடைசி ஆறு மெஷினையும் நான் டெஸ்ட் பண்ணல. பண்ணின மாதிரி எழுதிட்டேன்."

அவர் பேனையை மூடி வைத்தார். "இதை ஏன் காலமை சொல்லேல்ல?"

"பயமா இருந்துச்சு சார்."

"நான் நாலு மணித்தியாலமா என்னையே திட்டிக்கொண்டிருக்கிறன்." கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். "சரி, வாங்கோ. ஆறையும் கழட்டுவம்."

பதினெட்டில் ஓட்டினோம். மூன்று தடவையும் ஒரே விடை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். பத்தொன்பதாவதைச் சேர்த்த உடனேயே விடை மாறியது. அதில் ஒரு மெமரி சிப் பழுது. அந்தப் பெட்டி ஒருநாளும் நின்றதில்லை, ஒரு எச்சரிக்கையும் காட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை விஷயத்தைக் கேட்டுக்கொண்டு பணிப்பாளர் வந்தார். "மத்ததெல்லாம் ஓடுதுதானே? திங்கக்கிழமை காட்டிருவோம்."

"ஓடுது சார். ஆனா எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"என்னாலதான் தாமதம்னு சொல்லுங்க சார்."

அவருக்குக் கோபம்தான். ஆனாலும் தொலைபேசியை எடுத்து, அதிகாரிகளின் வருகையைத் தள்ளிப்போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். திரையில் விடை வந்ததும் அவர்களில் ஒருவர், "இதை நம்பி ஆக்கள வீடுகள்ல இருந்து எழுப்பி அனுப்பலாமா?" என்று கேட்டார். சிவபாலன் என்னைப் பார்த்தார். எந்தப் பெட்டி கெட்டது, யாருடைய தவறு, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த வாரம் அந்த அதிகாரி, கணித்துத் தரும்படி, மூன்று சரிவுகளின் அளவுகளை எங்களுக்கு அனுப்பினார். அதில் ஒன்று ஹேவாஹெட்டப் பக்கம்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டெஸ்ட் பண்ணவில்லையென்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறுமையாக இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். 'சரி' என்று போட்டுவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.