வட்டைப் பார்க்காத இன்பமலர்

கழுத்துச் சால்வையின் நுனியால் கண்ணாடித் தடுப்பில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பனிப்புகாரைத் துடைத்துவிட்டுத்தான் இன்பமலர் கைபேசியை வெளியே எடுப்பார். ஐஸ் ஹொக்கி ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் அவர் நிற்கும் இடம் ஒன்றுதான்: ஆட்டக்காரிகள் வரிசையாக இருந்து இளைப்பாறும் நீள வாங்குக்கு நேர் எதிர்ப்பக்கம். மற்றப் பெற்றோர் மேலே சூடான அறையில் கோப்பியும் கையுமாகப் பார்ப்பார்கள். இவர் கீழே, இரண்டு சோடிக் காலுறையோடு விறைத்துக்கொண்டு நிற்பார். தோள்பையில் பிளாஸ்க் இருக்கும்; அதைத் திறக்கத்தான் நேரம் கிடைக்காது.

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்குப் பராமரிப்பு வேலை. வயது ஐம்பத்திரண்டு. மகள் ஜெனிதா ஒன்பது வருடம் விளையாடியும் அந்த ஆட்டத்தின் சட்டம் ஒன்றுகூட இன்பமலருக்குத் தெரியாது. அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்பதும் கண்ணுக்குப் பிடிபடாது. அவருடைய கமரா ஜெனிதாவின் பின்னாலேயே போகும். அவள் களைத்து வாங்கில் இருந்தாலும் அவளையே பிடித்துக்கொண்டிருக்கும். சபையின் கிறிஸ்மஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்கள் வந்தாலும் இவருடைய வீடியோவில் ஒரு ராஜாதான் வருவார். அது மகன் நோவா. ஆட்டத்தை எடுக்கத் தெரியாதா என்று கணவர் ஜீவரட்ணம் கேலி செய்தால் பதில் தயாராக இருக்கும். “நான் ஆட்டம் பாக்கவே வாறன்? பிள்ளையைப் பாக்க வாறன்.”

வீடியோவில் அவருடைய குரலும் விழும். ஜெனிதா தடுப்பாட்டக்காரி, இடிபடுவதும் விழுவதும் அவளுக்குச் சாப்பாடு மாதிரி. ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் “ஸ்தோத்திரம்” என்று கேட்கும். இல்லத்தில் முதியவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிப் பத்திரமாகக் கதிரையில் இருத்தியதும் அவர் வாயில் வருவதும் அதே சொல்தான். தொண்ணூறு வயது டேனிஷ் மாது ஒருவர் இப்போது கதிரையில் இருந்ததும் முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிறார்.

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் இடம் கேட்பவர்கள் தங்கள் நல்ல ஆட்டங்களை மூன்று நிமிட வீடியோவாக வெட்டி ஒட்டி அனுப்புவார்கள். ஜெனிதாவும் இருபத்திரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினாள். கோல் அடிப்பவர்களைப் போல் தடுப்பாட்டக்காரிக்குக் காட்ட அதிகம் இருக்காது. பதில் ஒன்றுதான் வந்தது. தடுப்பாட்டத்துக்கு ஓர் இடம் மிச்சம் இருக்கிறது, உன் கழகம் ஆடிய அரையிறுதி ஆட்டத்தை வெட்டாமல் முழுதாக அனுப்பு என்று அந்த அணியின் பயிற்சியாளர் எழுதியிருந்தார்.

அந்த அரையிறுதி அன்றைக்கென்று பார்த்துக் கழகத்தின் கமரா வேலை செய்யவில்லை. இருந்தது தாயின் கைபேசி வீடியோ மட்டும். அதுவும் ஜெனிதா வட்டைத் தவறவிட்டு, எதிரணி அதை எடுத்துக் கோல் போட்டு வென்ற ஆட்டம். வீடியோவில் அந்தக் கோலைக்கூடக் காணவில்லை. இது பைத்தியக்கார வீடியோ என்றும், தான் வட்டைத் தவறவிட்ட துண்டையாவது வெட்டவேண்டும் என்றும் ஜெனிதா டேனிஷில் சொல்லி அழுதாள். தன்னுடைய விசர்ப் பழக்கத்தால் மகளின் இடம் பறிபோகப்போகிறது என்று இன்பமலர் பயந்தார். ஆனாலும் மறைத்து அனுப்ப மனம் வரவில்லை.

“அவை முழுசாத்தானே கேட்டவை, பிள்ளை. முழுசா அனுப்பு. விழுந்ததும் நீதான், எழும்பினதும் நீதான்.”

ஒரு கிழமை கழித்துப் பின்னேரம் பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் வந்தார். பெற்றோரும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கோலை யார் போட்டது என்று எனக்கு இன்னும் தெரியாது என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். கோலுக்குப் பிறகு நடந்ததை மட்டும் நாலு தடவை பார்த்தாராம். தோற்கக் காரணமானவள் நேராகக் கோல் காப்பவளிடம் போய் அவளுடைய காற்காப்பில் தேற்றுவதுபோல் மட்டையால் மெல்லத் தட்டிவிட்டு வந்தாள். வாங்கில் நகர்ந்து இடம் விட்டு, பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவளுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். எல்லாரும் அனுப்பும் வீடியோ இந்த இடத்துக்கு முன்னால் முடிந்துவிடும், எங்களுக்குப் பார்க்கவேண்டியது இதுதான் என்றார். இடம் அவளுக்குத்தான்.

பிறகு, அந்தக் குரல் யாருடையது, அது என்ன சொல் என்று கேட்டார். என் அம்மா, ‘நன்றி’ என்று சொல்கிறார் என்றாள் ஜெனிதா. இன்பமலர் ஆங்கிலத்தில் எதையோ சொல்லத் தொடங்கி, முடியாமல், தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஆவணியில் ஜெனிதா அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். இனிச் சனிக்கிழமைகளில் காலை நீட்டிப் படுக்கலாம் என்றார் ஜீவரட்ணம். கர்த்தர் தந்ததை வாங்கிக்கொண்டு சும்மா படுக்கிறதோ என்று கேட்டுவிட்டு இன்பமலர் காலுறைகளைத் தேடினார். மண்டபத்தில் கழகப் பயிற்சியாளர் மைக்கலைப் பிடித்து, பார்க்க வீட்டார் வராத பிள்ளை யார் என்று விசாரித்தார். ஸ்ரெபானி என்றார் அவர். தாய் சனிக்கிழமைகளில் வைத்தியசாலையில் வேலை, தகப்பன் லொறியோடு ஜெர்மனியில்.

தலைக்கவசம் போட்டால் எல்லாரும் ஒன்று. ஆகவே அவளிடமே போய் இலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார்: பதினான்கு. கண்ணாடியைத் துடைத்தார். கைபேசியை உயர்த்தினார். இரண்டாம் பகுதியில் பதினான்கு நன்றாக இடிபட்டு விழுந்து, முழங்காலை ஊன்றி எழும்பியது.

“ஸ்தோத்திரம்,” என்றார் இன்பமலர்.

அதே நேரம் மறுமுனையில் கோல் விழுந்து மண்டபமே எழுந்து நின்று கத்தியது. அவருடைய கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. வாங்கை நோக்கி நொண்டிக்கொண்டு போன பதினான்கோடு கூடவே, கண்ணாடி நெடுக, மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.