பெரியப்பாவுக்கு வைத்த நேர்த்தி

முள்ளியவளையில் எங்கள் பக்கத்து வளவு கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சருடையது. அவர் வீட்டு விறாந்தையில் இருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி உழவு இயந்திரத்தின் பற்றரியில்தான் வேலை செய்யும். எண்பதுகளின் தொடக்கம் அது. அன்ரனா கட்டிய கமுகு காற்றில் அசைந்தால் படமும் அசையும். மார்கழி விடியலில் வயலுக்கு மேலே பனிப்புகார் கிடக்குமே, அப்படியொரு வெள்ளைக்குள்ளிருந்து மனிதர்கள் மெல்ல நடந்து வருவார்கள்.

வியாழக்கிழமைகளில் ஒரு தமிழ் நாடகம். அதுவரை படங்களில் கேட்ட தமிழ் வேறு. இதிலே "ஓம்", "வாறன்" என்று எங்களைப்போலவே கதைத்தார்கள், குசினி அடுப்படியில் நின்று சண்டை பிடித்தார்கள். திரையில் எங்களை நாங்கள் முன்பு கண்டதில்லை. அந்த நாடகத்து வீட்டில் எல்லோரும் பெரியப்பா என்று அழைத்த மனிதருக்கு மூன்றாம் கிழமை பாரிசவாதம் வந்து வாயடைத்துப் போயிற்று. அதற்குப் பிறகு அவருக்குக் கண் மட்டுந்தான். கட்டிலில் கிடந்தபடி அவர் யன்னலைப் பார்க்கும்போது, முற்றத்துப் பாயில் இருந்த நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். என் அப்பாவும் அப்படித்தான் பேச்சில்லாமல் மூன்று மாதம் கிடந்து கண்ணை மூடினவர். அப்போது ஒரு நேர்த்தி வைக்கக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. அந்தக் குறை நெஞ்சுக்குள் கிடந்தது. இருந்த இடத்திலேயே கைகூப்பி, "அம்மாளாச்சி, இந்த மனிசன் வாய் திறந்தால் வற்றாப்பளைக் கோயிலுக்கு வந்து பொங்கிறன்" என்று நேர்ந்துவிட்டேன்.

கடைசிக் கிழமை அவர் "தண்ணி" என்றார். ஒரேயொரு சொல். முற்றமே விம்மியது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "சம்பளம் குடுத்தெல்லோ அவரைப் படுக்க வைச்சவங்கள். கமரா நிண்ட உடன எழும்பித் தேத்தண்ணி குடிச்சிருப்பார். அதுக்கு நீ பொங்கப் போறியோ?"

"நேர்ந்தது நேர்ந்ததுதான். அம்மாளோட விளையாடேலாது."

பானையோடு என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார், வழிநெடுகக் கேலியும் பகிடியும்.

பொங்கிப் படைத்துவிட்டு அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். பூசாரியார் பேரும் நட்சத்திரமும் கேட்டார். திகைத்துப் போனேன். நாடகத்தின் தொடக்கத்தில் ஓடிய பெயர்களை அந்தப் புகாருக்குள் ஒருநாளும் வாசிக்க முடிந்ததில்லை.

"சுவாமி பேருக்குச் செய்யட்டோ, பிள்ளை?"

"இல்லை ஐயா, அவருக்கெண்டுதான் நேர்ந்தனான்."

பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். அப்பாவுக்குத் தவறவிட்டதை இந்த மனிதருக்கும் தவறவிடப் போகிறேனோ என்று கண் கலங்கியது. அப்போது வீட்டுக்காரர் என் தோளுக்கு மேலால் எட்டி, "பேர் பெரியப்பா, ஐயா. நட்சத்திரத்துக்கு என்ரையைச் சொல்லுங்கோ, பூரட்டாதி" என்றார்.

"ஆருடைய பெரியப்பா?"

"எங்கடதான்."

பூசாரியார் ஒரு கணம் பார்த்துவிட்டு மணியை எடுத்தார்.

நாற்பது வருசத்துக்குப் பிறகு, போன கிழமை காலைச் செய்தியில், அந்த நடிகர் காலமானார் என்று வானொலி சொன்னது. அவருடைய உண்மைப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த வளவில் இப்போது வேறு ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை, பளிச்சென்று. வாங்கி வைத்திருந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். வீட்டுக்காரர் சாப்பிட வந்து சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். பகிடி வருமென்று காத்திருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு, "காகத்துக்கு வைச்சிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.