இடிக்கு வைத்த இரும்பு

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு பேர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். ஒன்று கோழி. இன்னொன்று என் வீட்டுக்காரர்.

அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டியவர். முதலாளி இடத்தை விற்றுவிட்டுப் போனதும் இவர் வேலையும் போயிற்று. மறுநாள் கட்டிலில் படுத்தவர்தான். வேலைக்குக் கொண்டுபோன பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதைத் தொடக்கூட இல்லை. வேறு பட்டறையில் கேட்டுப் பாருங்கள் என்றால், "அம்பது வயசுக்காரன எவன் சேத்துக்குவான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சம்பளம் வராதது ஒருபுறம். இந்த மனுஷன் இப்படியே முடங்கிவிடுவாரோ என்பதுதான் என் பயம். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும். அது என் சுபாவம்.

சாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சேவல் கிடையாது. விடியுமுன்னே கூவுகிறது என்று மாடியில் குடியிருப்பவர்கள் முணுமுணுத்ததில் அது ஒரு ஆடி மாதம் குழம்பாகிவிட்டது. அதனால் இடுகிற முட்டையில் குஞ்சு வராது. இது நமக்குத் தெரியும், கோழிக்குத் தெரியுமா? செவலைக் கோழி பழைய கூடைக்குள் போய் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. முட்டைகளை எடுத்தேன். வெறும் வைக்கோல்மேல் உட்கார்ந்தது. தூக்கி வெளியே விட்டால், இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்று கத்திவிட்டு மறுபடி உள்ளே போகும். தீனி எடுப்பதில்லை. தொட்டித் தண்ணீரில் முக்கிக்கூடப் பார்த்தேன். நனைந்த உடம்போடு போய் உட்கார்ந்ததே தவிர அசையவில்லை.

எங்கள் தெருவுக்கு மீன் விற்க வருகிற பெண் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "அது றெக்கையிலயே ஒண்ணப் புடுங்கி மூக்குல சொருவி வுடுக்கா. மூக்கு நமநமன்னா அடைய மறந்துடும்" என்றாள். இங்கே பலரும் செய்வதுதான். அவள் கோழியைப் பிடித்துக்கொண்டாள். நான் இறகை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் சேத்தே சொருவுறேன். அப்பதான் இந்த வீடு உருப்படும்" என்று உள்ளே கேட்கும்படிச் சொன்னேன்.

கேட்டுவிட்டது. எழுந்து வந்து பின்கட்டு வாசலில் நின்றார்.

"வுடு அத," என்றார். "அதுக்கு ஒரு வேலையக் குடுத்தா அது ஏன் சும்மா குந்திக்கினு இருக்கப் போவுது?"

எனக்குச் சுருக்கென்றது. இறகைக் கீழே போட்டுவிட்டேன்.

அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு, காலாப்பட்டில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினார். அங்கே சேவல் உண்டு. முட்டைகளைத் தூக்குவாளியில் தவிட்டுக்குள் புதைத்து, வாளியை மடியிலிருந்து இறக்காமலே வந்து சேர்ந்தார். பஸ்ஸில் குலுங்கிய முட்டை, ஒரு ராத்திரி ஆறட்டும் என்றேன். மறுநாள் கோழிக்கு அடியில் வைத்தோம்.

அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவது வழக்கம். இடி இடித்தால் கரு கலங்கி முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு இருந்தால் இடி அண்டாது என்பார்கள். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. போடாமல் விடவும் தைரியமில்லை. துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கொண்டுவந்தேன். வாங்கிப் பார்த்தார். "கோழி முட்டையப் பெரட்டும்போது குத்தும்" என்று வீசிவிட்டு உள்ளே போனார். கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்து, அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு இரும்பு வளையம் வந்தது. பம்புக்குள் போடுகிற புஷ். பட்டறையில் கடைசியாக அவர் கடைந்தது. அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே கூடைக்குள் வைத்தார்.

காலையில் கோழியைத் தூக்கித் தீனிக்கு விடுவது அவர் வேலையாயிற்று. அது தின்று முடிக்கும்வரை குட்டி போட்ட பூனை மாதிரி கூடையைச் சுற்றிச்சுற்றி வருவார். அது திரும்பி வந்து உட்கார்ந்ததும் இவரும் கட்டிலுக்குப் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு சாயங்காலம் இடியோடு கோடைமழை பிடித்துக்கொண்டது. போய்ப் பார்த்தால், குடையைக் கூடைக்குப் பிடித்துக்கொண்டு இவர் நனைந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்று வாரத்தில் குஞ்சு பொரித்தது. இரண்டு மட்டும் கூமுட்டை. இடிதான் காரணம் என்றேன் நான். பஸ் என்றார் அவர். தாய்க்கோழி காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் பதறிப்போய்க் கையை நீட்டினார். மீன்காரப் பெண், "கோழி மிதிச்சிக் குஞ்சு சாவுமா அண்ணே? நீங்க கைய எடுங்க" என்று அதட்டினாள்.

கூடையைக் கழுவப் போட்டபோது புஷ் என் கைக்கு வந்தது. எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. குஞ்சுதான் வந்தாயிற்றே, இனி இவர் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அத நல்லாக் கழுவி, எண்ண தொட்டுத் தொடச்சுக் குடு," என்றார் பின்னாலிருந்து.

"எதுக்கு, அடுத்த அடைக்கா?"

"நாளைக்கி நாலு பட்டறை ஏறி எறங்கலாம்னு பாக்குறேன். வயசு இன்னான்னு கேக்குறதுக்கு முன்னாடி இத அவுங்க கையில குடுத்துடணும்."

தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.