தம்பியின் மீன்தொட்டியில் நான் செய்த சமாதானம்

என் தம்பி லூமீர் இடுப்பு வலிக்காகக் கார்வினாவுக்குக் கிளம்பிய அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் ஒலோமௌட்ஸ் முழுக்கப் பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே மூன்று வாரம் வெந்நீர்க் குளியல் சிகிச்சை, செலவு இன்ஷூரன்ஸுடையது. வாசலில் பெட்டியோடு நின்றவன் திடீரென்று காலணியைக் கழற்றாமலே வீட்டுக்குள் திரும்பி வந்தான். எங்கள் ஊரில் வீடு தீப்பிடித்தால் மட்டும் செய்கிற காரியம் அது. நேரே மீன்தொட்டி முன்னால் போய் நின்றான்.

“அக்கா, எதுலயும் கை வைக்காத. ஒரு நாளைக்கு ஒரு தடவை தீனி. ஞாயித்துக்கிழமை பட்டினி.”

“எனக்குமா?”

“ஃப்ரிட்ஜ்ல சாசேஜ் இருக்கு. நீ தின்னு. அதுங்களுக்குப் போட்டுடாத.”

லூமீர் ட்ராம் பணிமனையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவன். மனைவி பிரிந்துபோனபோது சோபாவா, மீன்தொட்டியா என்று கேட்டாள். இவன் தொட்டி என்றான். அதனால்தான் ஏழு வருட ஊர்சுற்றலுக்குப் பிறகு வந்து சேர்ந்த நான் தரையில் படுக்க வேண்டியிருந்தது. தொட்டி சுவரில் பாதியை அடைத்திருந்தது. அதில் பாறைகள், பாறைகளுக்கு இடையே நீலமும் மஞ்சளுமாக நாற்பதுக்கும் மேல் சிக்லிட் மீன்கள். அழகான மீன்கள், ஆனால் பொல்லாத அடிதடிக்காரர்கள். எல்லோரையும் விரட்டுகிற பெரிய நீல ஆணுக்கு லூமீர் ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்திருந்தான். பணிமனையில் யாரை நினைத்து வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

கிளம்புமுன் ஒரு வெளிர்நீலப் பெண்மீனைக் காட்டினான். “இவ ஹெலென்கா. வாய்க்குள்ள முட்டை வெச்சிருக்கா. மூணு வாரம் எதுவும் தின்ன மாட்டா. நான் வர்றதுக்கும் குட்டிங்க வெளிய வர்றதுக்கும் சரியா இருக்கும். இந்த வகையில மூணு வருஷமா ஒரு குட்டி பார்க்கல. இப்ப இடம் மாத்தினா பயந்து முழுங்கிடுவா.”

“இவ்வளவு கூட்டம் எதுக்குடா? மூச்சு முட்டுது.”

“கூட்டம் இருந்தாதான் அடி எல்லாருக்கும் பிரிஞ்சு போகும். காலைல எட்டு மணி ட்ராம்ல எவனாவது ஒருத்தனை மட்டும் மொறைக்க முடியுமா? அது மாதிரி.”

தலையாட்டினேன். ஆனால் நான் உலகம் பார்த்தவள். ஜார்ஜியாவில் ஒரு விடுதியில் குடிகாரர்களின் சண்டைகளை விலக்கிவிட்டிருக்கிறேன். இந்த மீன்களின் சொந்த ஊரான மலாவி ஏரிக்கரையில்கூட ஒரு வாரம் தங்கியிருக்கிறேன். தண்ணீருக்குள் ஒருமுறைகூடத் தலையை விடவில்லை, கரையில் உட்கார்ந்து என் மன அமைதியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவு தகுதி உள்ளவள் தரையில் படுத்துக்கொண்டு கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இரண்டாவது வாரம் மேனேஜரை வலைபோட்டுப் பிடித்துக் குளியல் தொட்டியில் விட்டேன். அரை நாள் நிம்மதி. மாலையில் இன்னொரு ஆண் கறுத்து விறைத்து மேனேஜரின் பாறையில் உட்கார்ந்தது. மேனேஜர் துரத்தத்தான் செய்வான், இவன் கடித்தான். இவனையும் பிடித்தேன். மூன்றாமவன் பதவியேற்றான். நான் விடவில்லை. எந்த நாட்டிலும் இவ்வளவு வேகமாக ஆட்சி கவிழ்ந்து நான் பார்த்ததில்லை.

கீழ்வீட்டு ஸ்கோபலோவா அம்மா தயிர்க்கட்டி வைத்த ரொட்டியோடு வந்தவர், கை கழுவக் குளியலறைக்குள் போய் அப்படியே நின்றுவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கெண்டையை வாங்கி வந்து குளியல் தொட்டியில் நீந்த விடுவது எங்கள் எல்லோர் வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் இது மார்ச்.

“ஏம்மா, பண்டிகைக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கே? அதுவும் இத்துனூண்டு மீனு! ஒரு தட்டுக்கு எத்தனை வறுப்பே?”

“வறுக்க இல்லம்மா. சண்டை போட்டதால தனியா வெச்சிருக்கேன்.”

“அப்ப நீ எங்கம்மா குளிக்கிற?”

நான் குளித்து நான்கு நாள் ஆகியிருந்தது.

மறுநாள் தொட்டியில் ஆண்களே அநேகமாக இல்லை. இருந்த கூட்டத்தில் பாதி குளியலறையில். மிஞ்சியிருந்த ஒரே ஆணுக்கு விரட்ட ஆள் போதவில்லை போலும், வாய் நிறையப் பிள்ளைகளோடு ஒதுங்கி நின்ற ஹெலென்காவையே குறிவைத்தது. அவளுடைய வால் கிழிந்து தொங்கியது. மேனேஜரே மேல் என்று அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். தன் பாறையில் வேறொருவன் இருப்பதைப் பார்த்து, அவனும் சேர்ந்து வெறிபிடித்தான். அப்போதுதான் லூமீருக்கு ஃபோன் செய்தேன்.

“சொல்லு. இங்க எங்கூட ரூம்ல இருக்கறவன் ஜன்னலைத் திறந்துதான் வைப்பேங்கறான். நான் அவன்கூடப் பேசறதில்ல.”

நடந்ததைச் சொன்னேன்.

“எத்தனை பேரை வெளிய எடுத்த?”

“பாதி.”

“அடிப்பாவி. நீ ஏழு வருஷம் வெளிய இருந்தது நாட்டுக்கே நல்லதுதான்.”

பிறகு நிதானமாகச் சொன்னான். விளக்கை அணை. எல்லாக் கல்லையும் வெளியே எடு. வேறு மாதிரி அடுக்கு, பழைய இடத்தில் ஒரு கல்கூட இருக்கக் கூடாது. அப்புறம் எல்லோரையும் ஒன்றாகக் கொட்டு. “எவனுக்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது. எல்லாரும் புதுசா வந்தவங்களா இருக்கணும். அப்பதான் அடங்குவானுங்க.”

ஏழு வருடம் நான் அப்படித்தான் இருந்தேன், அடங்கினதாக ஞாபகம் இல்லை.

“ஹெலென்காவும் உள்ளதான் இருக்காடா. அந்தக் கலாட்டால பயந்து துப்பிட மாட்டாளா?”

“துப்பலாம். ஆனா செய். இல்லன்னா அவளையே கொன்னுடுவானுங்க. குட்டி போனாப் போகட்டும், அவ இருக்கணும்.”

செய்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டு, தோள்வரை தண்ணீரில் கைவிட்டு, கல் கல்லாக. தரைவிரிப்பு ஏரியானது. விளக்கைப் போட்டபோது நாற்பது மீன்களும் முகவரி தொலைத்தவர்களைப் போல அலைந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஹெலென்கா தீனிக்கு முந்திக்கொண்டு வந்தாள். தாடை ஒட்டிப் போயிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

லூமீர் வந்ததும் காலணியை ஒழுங்காகக் கழற்றிவிட்டு, தொட்டி முன் குனிந்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தான். இடுப்பு புதுசு போல நன்றாக வளைந்தது.

“குட்டிங்களைத் தின்னிருப்பானுங்க.”

“திட்டுடா. ஒரு தடவை திட்டிடு.”

“காபி போடட்டுமா?” என்றான். போட்டுக் கொடுத்துவிட்டு, குளியல் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான். மீன் வளர்ப்போர் சங்கத்தில் கண்காட்சி மேசை ஒன்றுக்காக அடிதடி வரை போனவன், என்னிடம் குரலை உயர்த்தவில்லை. அது திட்டைவிட மோசம். அடுத்த மாதமே ப்ர்னோ நகரத்துக்குப் போய் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். வாடிக்கையாளர்களின் கோபத்தைத் தணிக்கும் பிரிவு. நேர்காணலில் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன்.

நவம்பரில், மதிய உணவு நேரத்தில், லூமீரிடமிருந்து செய்தி வந்தது.

“அக்கா, டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னதால தொட்டிக்குக் கீழ இருக்கற ஃபில்டரை இத்தனை நாள் தொடல. இன்னைக்குத்தான் திறந்தேன். உள்ள அஞ்சு குட்டி. ஹெலென்காவோடது. துப்பினப்ப குழாய் இழுத்துட்டுப் போயிருக்கு. இருட்டுல அழுக்கைத் தின்னே அரை விரல் நீளம் வளர்ந்திருக்குங்க. வெளுத்துப் போயிருக்கு, ஆனா ஒண்ணு மேலயும் கடிச்ச காயம் இல்ல. எனக்கு அழுகை வந்துடுச்சு, சிரிக்காத. சின்னத் தொட்டில விட்டு, விளக்கைப் போட்டு, ஒரே ஒரு கல்லு வெச்சேன். இப்ப அந்தக் கல்லுக்காக அடிச்சுக்கிறானுங்க. சனிக்கிழமை வந்து பாரு. பார்க்க மட்டும்.”