சுபைறா மாமியின் பிடியரிசிக் கஞ்சி

இலங்கையின் மத்திய வங்கியை ஒரேயொரு நோன்பு மாதத்துக்கு மருதமுனை சுபைறா மாமியின் கையில் கொடுத்திருந்தால், இன்றைக்கு டொலர் நமது வாசல் படலையில் வந்து நின்று, "ராத்தா, ஒரு கைமாத்துத் தரமாட்டீங்களா?" என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் பெரிய பெரிய வங்கிகள் மல்லாந்து விழுந்த அதே 2008ஆம் ஆண்டு நோன்பில்தான் மாமியின் வீட்டு வளவில் கஞ்சிக் கிடாரம் ஏறியது. மாதம் முடியுமட்டும் அது ஒருநாள்கூட அடுப்பேறாமல் இருக்கவில்லை. அமெரிக்காக்காரனுக்குப் பிடியரிசி என்றால் என்னவென்று தெரியாது. அவன் விழுந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பிடியரிசி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. உலைக்கு அரிசியை அளந்தெடுத்த பிறகு, கழுவுவதற்கு முன், அதிலிருந்தே ஒரு பிடியை எடுத்து வேறொரு தகரப் பேணியில் போட்டுவைப்பது. வீட்டுச் சோற்றில் ஒரு பிடி குறையும், யாருக்கும் தெரியாது. பேணி நிறைந்தால் பள்ளிவாசலுக்குப் போகும், நோன்பில் கஞ்சியாகித் திரும்பி வரும்.

மாமியின் வீடு முன்பு கடற்கரையோரம் இருந்தது. சுனாமி அந்த வீட்டின் கதவைக் கொண்டுபோனது, கதவு நின்ற சுவரையும் கொண்டுபோனது. மாமா மீராசாஹிபின் தோணியை மட்டும் திருப்பித் தந்தது, இரண்டு துண்டாக. நனைந்த உடுப்போடு இருவரும் ஊருக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த நாள் அங்கே யாரோ ஒரு பெண் வாளியோடு வந்து, கோப்பை இல்லாத மாமியின் கையில் ஒரு சட்டி மூடியைக் கொடுத்து, அதில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றினாள். குடித்து முடித்து, யாரென்று கேட்க மாமி நிமிர்ந்தபோது, அவள் அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்த இடத்திலேயே மாமி நிய்யத்து வைத்தார். "யா அல்லாஹ், எனக்கெண்டு ஒரு அடுப்புக் கிடைச்சா, நோன்பில என்ட சுத்துவட்டத்தில ஒருத்தரையும் பச்சத்தண்ணியோட நோன்பு திறக்க விடமாட்டன்."

அடுப்பு கிடைத்தது. வயல்பக்கம் கட்டிக்கொடுத்த சுனாமி வீட்டுத்திட்டத்தில், கடைசி வரிசையில் ஒரு வீடு. மாமா மற்றவர்களின் தோணியில் கூலிக்குப் போனார். கடலுக்குப் போகவும் வரவும் நேரம் குறித்திருந்த சண்டைக்காலம் அது, பாதி நாள் கரையிலேயே கழிந்துவிடும். அந்த வருமானத்தில் மாமி குடும்பம் நடத்திய அழகைச் சொல்லத்தான் மத்திய வங்கியை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு தேங்காயை மூன்று தரம் பிழிவார். நாலாம் தரம் பிழியப் போனால் தேங்காய்க்கே வெட்கமாகிவிடும். மீன்தலையில் ஆணம், முருங்கை இலையில் சுண்டல், முதல்நாள் பாணில் அடுத்தநாள் காலைச் சாப்பாடு. அவர் வீட்டுக் குப்பையைக் கிளறிய காகங்கள் பட்டினியில் குடிபெயர்ந்து போனதாகச் சொல்வார்கள்.

2008இல் விலைவாசி ஏறியது. அரிசி ஏறியது, பருப்பு ஏறியது, பால்மா எட்டாத உயரத்துக்குப் போனது. கல்முனைச் சந்தையில் தங்கராசா முதலாளியின் கடைக்கு முன்னால் மாமி அரிசியைக் கையில் அள்ளி மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, போன கிழமை அறுவது, இந்தக் கிழமை எழுவத்தஞ்சு? அரிசிக்குக் காய்ச்சலா?"

"நான் என்ன ராத்தா செய்யிற? உலகம் முழுக்க விலை ஏறிட்டு. கப்பல்ல வாற சாமானெல்லாம்…"

"எந்தக் கப்பல்? இந்த நெல்லு விளைஞ்ச வயல், உன்ட கடைக் கூரையில ஏறி நிண்டாத் தெரியும். வயலுக்கும் கடைக்கும் நடுவில எங்க தம்பி கடல் கிடக்கு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கராசாவும் சிரித்துவிட்டார். "லொறிக்கு டீசல் அடிக்கணுமே ராத்தா."

"டீசலுக்குத் தாறன். கப்பலுக்குத் தரமாட்டன்."

நாலு ரூபாய் குறைந்தது. அது மாமிக்கு வெற்றிதான். ஆனால் ஊருக்கு அந்த நாலு ரூபாய் காணாது. வீட்டுக்கு வீடு பிடியரிசிப் பேணி காலியானது. நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கையில், வீட்டுத்திட்டத்துப் பள்ளிவாசலின் நிர்வாகி மஜீட் மரைக்காயர் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து, இந்த வருடம் கஞ்சி இல்லை, கட்டாது என்று அறிவித்துவிட்டார்.

அன்று அஸர் தொழுகைக்கு முன் மாமி அவருடைய படலையில் நின்றார்.

"மரைக்கார், கிடாரத்தை மட்டும் தாங்க. என்ட வளவில வெச்சுக் காச்சுறன்."

"அரிசி?"

"ஊட்டுக்கு ஊடு இரிக்கி."

"இரிந்தா ஏன்கா பிடியரிசி நிண்டு போன?"

"நிண்டு போனது பிடி. அரிசி இல்ல."

மரைக்காயர் கிடாரத்தைக் கொடுத்தார். பொம்பிளையின் வளவில் ஜமாஅத்துக்குக் கஞ்சியா என்று முணுமுணுத்தவர்களுக்கு, "அப்ப நீங்க காச்சுங்களன்" என்றார். ஒருவரும் முன்வரவில்லை.

மாமி வீட்டுக்கு வீடு போய் வெற்றுப் பால்மாப் பேணிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு கிழமை கழித்து அவற்றைச் சேர்த்தபோது அடியில் கிடந்த அரிசியை ஒரு கோழி இரண்டு கொத்தில் முடித்திருக்கும். மாமி பக்கத்து வீட்டு றுஸ்னாவிடம் போனார்.

"றுஸ்னா, உன்ட ஊட்டில பிடி எடுக்கிற ஆரு?"

"என்ட கடக்குட்டிதான் மாமி. பச்சப்புள்ள கையால எடுத்தா பரக்கத்தாமே, அரிசி பெருகுமாமே."

"ஓம், பரக்கத்துத்தான். உன்ட சட்டிக்கு."

அப்போதுதான் விசயம் விளங்கியது. எல்லா வீட்டிலும் தாய்மார் இருப்பதிலேயே சின்னக் கையைத் தேடிப் பிடித்திருந்தார்கள். அரிசி விலை ஏற ஏற, பிடி எடுக்கிற கை சுருங்கிச் சுருங்கி, மூன்று வயதுக்கு வந்து நின்றுவிட்டது. பிடி போடவில்லை என்று யாரையும் சொல்லவும் முடியாது. பிடி பிடிதானே.

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு நின்றிருப்பார்கள். மாமி சண்டை பிடிக்கவில்லை. ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு சட்டம் போட்டார்.

"கஞ்சி குடுக்கிற நேரம், ஊட்டில ஆர் பெரிய பிடி எடுத்தாங்களோ, அவங்கதான் வாளியோட வந்து நிக்கணும். கஞ்சியோட ரொட்டியும் குடுக்கிற நாள் அவங்களுக்குத்தான் ரொட்டி."

அவ்வளவுதான். அன்று மாலையே வீடுகளில் போர் மூண்டது. அக்காவைத் தள்ளிவிட்டுத் தம்பி அள்ளினான், தம்பியைக் கிள்ளிவிட்டு அக்கா அள்ளினாள். அடுத்த கிழமை பேணிகளுக்கு மூடி பூட்ட முடியவில்லை. றுஸ்னா தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமி! என்ட பெரியவன் ரெண்டு கையாலயும் அள்ளுறான். நாங்க என்னத்தத் திங்கிற?"

"சட்டம் ஒரு கைக்குத்தான் மனே. மத்தக் கையில உள்ளதைத் திருப்பிக் கொட்டச் சொல்லு."

அரிசி சேர்ந்துவிட்டது. விறகுக்கு மாமா கடற்கரையில் ஒதுங்கிய மரக்கட்டைகளை இழுத்து வந்தார். எல்லாம் சரி என்று இருந்தபோது, ஒன்று மட்டும் பிசகிவிட்டது. உப்பு.

நோன்பு பிடித்துக்கொண்டு சமைப்பவர் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. முந்திய வருடங்களில் மாமி தன் ஒழுங்கைக்கு மட்டும் கஞ்சி காய்ச்சியபோது, உப்புப் பார்த்தது பெரியநீலாவணைப் பாலம்மா. மீன்கூடையோடு வீட்டுத்திட்டத்துக்கு வருகிறவர். விற்று முடித்துத் திரும்பும் வழியில் மாமியின் வளவில் குந்தி, ஒரு கரண்டி வாங்கி, நாக்கைச் சப்புக்கொட்டி, "இன்னும் ஒரு சிட்டிகை போடு புள்ள" என்பார். ஒரு முஸ்லிம் ஒழுங்கையே நோன்பு திறந்த கஞ்சிக்கு உப்புப் பார்த்தது கோயிலுக்குப் போகிற பாலம்மாவின் நாக்கு. இருவரும் மீன்விலையில் தினமும் சண்டை பிடிப்பார்கள், உப்பில் ஒருநாளும் பிடித்ததில்லை. அந்த வருடம் நோன்புக்கு முதல் கிழமை, மீன் எடுக்கப் போன இடத்தில் பாலம்மா வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். தனிக்கட்டை. கூடை எடுக்காத நாளில் அவர் வீட்டில் அடுப்புப் புகையாது.

முதல்நாள் கஞ்சி, கடலை அப்படியே காய்ச்சியது போல் இருந்தது. "சுனாமித் தண்ணியில காச்சினயாகா?" என்று ஒருவர் கேட்டார். அடுத்தநாள் மாமி பயந்து போட்டதில் உப்பே இல்லை. உப்புப் பார்க்கச் சின்னப்பிள்ளைகளைக் கூப்பிட்டால், ருசி என்பார்கள். சவர்க்காரம் போட்டாலும் ருசி என்பார்கள். பலர் கஞ்சியை வேலியோரம் ஊற்றினார்கள்.

மஜீட் மரைக்காயர் வந்து கிடாரத்தைத் தட்டிப் பார்த்தார். "சுபைறா, அரிசி விக்கிற விலையில அரிசியை மண்ணில ஊத்துறது பாவம். நாளைக்கும் இப்பிடியெண்டா, கிடாரத்தைத் தந்திரு."

அன்று நோன்பு திறக்கும்போது மாமி தண்ணீர் மட்டும்தான் குடித்தார் என்று மாமா பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் ஒரு கள்ளன் வந்தான். பெயர் இங்கே அவசியமில்லை. வயது பதினாறு, பள்ளிக்கூடம் அவனை வேண்டாம் என்றதா, அவன் பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்றானா என்பதில் இன்றுவரை தகராறு. வீட்டுக்கு ஒரு வாளி என்பது மாமியின் கண்டிப்பான சட்டம். தன் கூடப்பிறந்த தங்கச்சிக்கே இரண்டாம் வாளி இல்லையென்று அனுப்பியவர். இந்தக் கள்ளன் வெள்ளைத் தொப்பியும் நீல வாளியுமாக வரிசையில் முதல் ஆளாக வந்தான். வாங்கினான். வேலியைச் சுற்றிப் போய், தம்பியின் மண்ணிறத் தொப்பியும் சிவப்பு வாளியுமாக மறுபடி வந்தான். மாமி குனிந்த தலை நிமிராமல் அதையும் நிறைத்தார். இரண்டாவது வாளி முதலாவதைவிடக் கனமாக இருந்தது. கள்ளன் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தான்.

வரிசை பாதி கூட முடியவில்லை, வேர்த்து வடிய அவன் திரும்பி வந்து கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றான். "மாமி, உப்புக் காணாது. இன்னும் ஒரு பிடி போடுங்க."

வரிசையே திரும்பியது. "அடேய் நோன்புக் கள்ளா! உனக்கெப்பிடிடா தெரியும்?"

"குடிச்சுப் பாத்தன்" என்று அவன் இளித்தான்.

மஜீட் மரைக்காயர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாமி அகப்பையைக் குறுக்கே நீட்டினார்.

"உடுங்க மரைக்கார். எனக்கு உப்புப் பாக்க ஒரு கள்ளன் தேவைதான்."

ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். முன்பு வாங்கிப்போனவர்களுக்கும் ஆளுக்கொரு கிள்ளு உப்புப் போனது. அன்று யாரும் வேலியோரம் ஊற்றவில்லை. சிலர் வாளியின் அடியை விரலால் வழித்தார்கள். மரைக்காயர் கிடாரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அதன்பிறகு மாதம் முழுக்க மாமி கள்ளனுக்கே முதலில் ஊற்றினார். அவன் போய் வந்து உப்பைச் சொல்லும்வரை மற்றவர்கள் வாளியோடு காத்திருந்தார்கள், திட்டிக்கொண்டுதான். பெருநாள் வரைக்கும் அந்த வீட்டுத்திட்டத்தில் ஒருவரும் பச்சைத்தண்ணீரோடு நோன்பு திறக்கவில்லை.

அடுத்த வருடம் சண்டை முடிந்தது. இனி விலை இறங்கும் என்றார்கள். சண்டை இறங்கியது, தேங்காய் இறங்கவில்லை. மறுபடி நோன்பு நெருங்க, நமது இளைஞர் கழகம் பெருநாள் மலருக்காக ஊரில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னது. எழுதியதை, மேலே உள்ளதை அப்படியே, மாமியின் குசினி வாசலில் வைத்து வாசித்துக் காட்டியபோது, தேங்காய் துருவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மத்திய வங்கிக்குச் சிரித்தார். சட்டி மூடி வந்த இடத்தில் மட்டும் துருவுவதை நிறுத்தினார். கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாம் சரி. ஒரு இடத்தில பொய் எழுதியிருக்காய்."

"எந்த இடத்தில மாமி?"

"நோன்புக் கள்ளன் எண்டு. கஞ்சி குடிக்க நினைக்கிறவன் நிண்ட இடத்திலயே வேலிக்குப் பின்னால குடிச்சிருப்பான். பெரியநீலாவணை மட்டும் சைக்கிள் மிதிச்சுப் போய், உதடு காஞ்சு திரும்பி வந்து, உப்புக் காணாதெண்டு சொல்லமாட்டான். அது பாலம்மாட நாக்கு. முதல்நாளே எனக்குத் தெரியும்."

மாமி மறுபடி தேங்காயைத் துருவ ஆரம்பித்தார்.

"ரெண்டாம் வாளி ஏன்டா ஒவ்வொரு நாளும் கனமா இரிந்த எண்டு யோசிச்சியா? அடிக்கஞ்சி, கட்டியா அள்ளிப் போட்டன். காலு முறிஞ்சு கிடக்கிறவளுக்குத் தண்ணிக் கஞ்சியா குடுக்கிற? போ, அதையும் எழுது. கள்ளன் எண்டதை வெட்டிட்டு, பேரைப் போட்டு எழுது, றிப்தி."